துடைப்பத்திலிருந்து செக் ஜாவா வரை

வார இறுதி நாள். பாடம் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். தோளில் புத்தகப் பை இல்லை. துடைப்பம், வாளி, பழைய துணி ஆகியவைதாம் அன்றைய பாடப்பொருள்கள். ஆசிரியர்களும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளி முதல்வரும் தப்ப முடியாது. 1976ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடங்கிய 'கைகளைப் பயன்படுத்துவோம்' இயக்கம் இப்படித்தான் நடந்தது. பள்ளியைக் கூட்டிப் பெருக்குவதும், வளாகத்தில் செடி நடுவதும் மாணவர், ஆசிரியர் அனைவரின் வேலை என்பதே அந்த இயக்கத்தின் செய்தி.

இன்று அறுபதை ஒட்டிய வயதில் இருக்கும் வாசகர்கள் பலருக்கு அந்த நாள்கள் நினைவிருக்கலாம். அந்த இயக்கத்துக்குச் சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயர் இல்லை. உடலுழைப்பைக் கேவலமாக நினைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதே நோக்கம். இருந்தாலும், இன்று பள்ளிகளில் நடக்கும் மறுபயனீடு, சூரியசக்தித் தகடு, கரிம வெளியேற்றக் குறைப்பு என்ற அத்தனைக்கும் வேர் தேடிப் போனால் அந்தத் துடைப்பத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சுற்றுப்புறம் முதலில் கையின் வழியாகத்தான் கற்பிக்கப்பட்டது. கண்ணின் வழியாகக் கற்பிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இரண்டும் ஒரே பாடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

தண்ணீரும் மரமும்

1963ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது. வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, வீடுகளுக்கு வரும் தண்ணீர் முறை வைத்து நிறுத்தப்பட்டது. ஏறத்தாழப் பத்து மாதங்கள், அதாவது 1964ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, அந்த நிலை நீடித்தது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து அளந்து குளித்த அந்தப் பத்து மாதங்கள், பிற்காலத்தில் எத்தனையோ சுவரொட்டிகள் சொல்ல முயன்றதை ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டன. வசதிக்குப் பழகிய அடுத்த தலைமுறைக்கு அந்த அனுபவம் இல்லை. அதனால்தான் அண்மை ஆண்டுகளில் பொதுப் பயனீட்டுக் கழகம் பள்ளிகளோடு சேர்ந்து தண்ணீர்ப் பங்கீட்டுப் பயிற்சி நடத்துகிறது. சில மணி நேரம் குழாய்கள் மூடப்படுகின்றன. பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். பாட்டி பட்டதைப் பேரப்பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது ஒத்திகை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பங்கீடு நடந்துகொண்டிருந்த அதே 1963இல், ஜூன் 16ஆம் தேதி, பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் வட்டச் சாலையில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடக்கினார். சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கும் திட்டம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பர் 7ஆம் தேதி, முதல் மரம் நடும் நாள். தற்காலிகப் பிரதமராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலை உச்சியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை நட்டார். நவம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. கன்றுகளுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும்.

அதன் பிறகு ஆண்டுதோறும் நவம்பர் வந்தால் மண்வெட்டியும் வந்துவிடும். மாணவர்கள் கூட்டமாகச் சென்று மரம் நட்டார்கள். தோட்ட நகரத்தின் நோக்கம் என்ன என்பதைத் தலைவர்கள் மறைக்கவில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் நகரம் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்ப வேண்டும்; வெயிலில் நடப்பவர்களுக்கு நிழல் வேண்டும். சீக்கிரம் வளர்ந்து குடை விரிக்கும் அங்சானா மரங்கள் சாலையோரங்களில் அதனால்தான் அதிகமாக நடப்பட்டன. இது தவறு என்று சொல்வதற்கில்லை. அந்த நிழலில் நாமும் நடக்கிறோம். ஆனால் நட்ட மரத்தில் எந்தப் பறவை வந்து அமரும், அந்த இடத்தில் அதற்கு முன் என்ன வளர்ந்திருந்தது என்ற கேள்விகளுக்கு அந்த மண்வெட்டிப் பாடத்தில் இடம் இருக்கவில்லை. எத்தனை மரம் நட்டோம் என்பதே கணக்கு.

துடைப்பம் யாருடையது?

இங்கே தமிழர்கள் மறந்துவிடக்கூடாத ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும்.

1968 அக்டோபர் முதல் தேதி, 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கம் தொடங்கப்பட்டது. ஒரு மாதம் நடந்த அந்த இயக்கம், சுதந்திரச் சிங்கப்பூரின் தொடக்ககாலப் பெரும் இயக்கங்களில் ஒன்று. நான்கு மொழிகளிலும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வானொலியும் தொலைக்காட்சியும் விடாமல் நினைவூட்டின. கடைகள், அலுவலகங்கள், சந்தைகள், தொழிற்சாலைகள், பள்ளிகள் ஆகியவற்றில் மிகச் சுத்தமானது எது என்று போட்டி நடத்தியதோடு, மிக அழுக்கானது எது என்றும் தேர்ந்தெடுத்தார்கள். பரிசுக்கு ஆசைப்படாதவர்களும் அவமானத்துக்குப் பயப்படுவார்கள் என்ற கணக்கு அது.

இதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, 1967 பிப்ரவரியில், வேறொன்று நடந்திருந்தது. தெருக்களைக் கூட்டியும் குப்பை அள்ளியும் வந்த தினக்கூலித் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 2,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் கணிசமானோர் தமிழர்கள். நகராட்சிக் காலத்திலிருந்தே அது நம்மவர்களின் வேலையாக ஒதுக்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர் கே. சுப்பையாவும் மற்ற தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்று அரசாங்கம் அறிவித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் வேலையை விட்டு விலகியவர்களாகவே கருதப்படுவார்கள், வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. பெரும்பாலோர் விண்ணப்பித்துத் திரும்பினார்கள். தொழிலாளர் உறவில் அது ஒரு திருப்பம் என்று லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சிங்கப்பூர்த் தூய்மையின் வரலாறு பேசப்படும்போது 1968 சொல்லப்படுகிறது. 1967 சொல்லப்படுவதில்லை. நாட்டைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லாருடைய கடமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே காலத்தில்தான், அந்த வேலையைத் தினமும் செய்துகொண்டிருந்தவர்கள் பேரம் பேசும் வலிமையை இழந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 1976ஆம் ஆண்டின் பள்ளி இயக்கத்துக்கு முழுப் பொருள் கிடைக்கிறது. உடலுழைப்புக்கு மதிப்புண்டு என்று பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் இயக்கம் நடத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சமுதாயத்தில் அந்த மதிப்பு அப்போது இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்தப் பாடம் நிலைத்ததா? 1992ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத் திருத்தம் அதற்கு ஒருவகையில் பதில் சொல்கிறது. குப்பை போட்டுப் பிடிபடுபவர்கள் பளிச்சென்ற மேலங்கி அணிந்து பொது இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற சீர்திருத்தப் பணி உத்தரவு அப்போதுதான் வந்தது. நாலுபேர் பார்க்கக் கூட்டுவதுதான் அதில் தண்டனை. பள்ளியில் துடைப்பம் பிடிப்பது கௌரவம் என்று கற்ற பிள்ளை, கடற்கரையில் துடைப்பம் பிடிப்பது அவமானம் என்றும் கற்றுக்கொண்டது. இந்த முரண்பாட்டைப் பற்றி அன்று அதிகம் பேசியிருக்க வேண்டும்.

காலப்போக்கில் பள்ளிகளிலும் துப்புரவு வேலை பெரும்பாலும் குத்தகை நிறுவனங்களின் கைக்குப் போனது. 'இது சுத்தமான நகரமா, சுத்தம் செய்யப்படும் நகரமா' என்ற கேள்வி பொது மேடைகளில் அடிக்கடி எழுந்தது. 2016இல் கல்வி அமைச்சு, தொடக்கப் பள்ளி முதல் தொடக்கக் கல்லூரி வரை எல்லா மாணவர்களும் அன்றாடம் சிறிது நேரம் வகுப்பறை, உணவகம் போன்ற இடங்களைச் சுத்தம் செய்யும் வழக்கத்தைக் கொண்டுவருவதாக அறிவித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துத் துடைப்பம் மாணவர் கைக்குத் திரும்பியது. ஜப்பானையும் தைவானையும் பார்த்துக் கற்றோம் என்று பலரும் பேசினார்கள். 1976ஆம் ஆண்டில் நாமே செய்ததைச் சிலர்தான் நினைவுகூர்ந்தனர்.

சேற்றில் இறங்கிய பாடம்

கண்ணின் பாடம் வேறு திசையிலிருந்து வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் அமைச்சுகள் அல்ல. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சதுப்புநிலத்தில் நின்ற பறவை ஆர்வலர்கள்.

1986ஆம் ஆண்டில், மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் தீவின் வடமேற்கில் சுங்கை பூலோ என்ற இடத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறால் குளங்கள் இருந்த இடம் அது. சைபீரியாவின் குளிருக்குத் தப்பி ஆஸ்திரேலியாவரை பறந்துசெல்லும் பறவைகள் வழியில் இறங்கி இரை தேட அந்தச் சேற்றுக் குளங்களே சத்திரமாக இருந்தன. அந்த இடத்தைக் காக்கும்படி கழகம் அரசாங்கத்துக்கு முறையான பரிந்துரை அளித்தது. அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. 87 ஹெக்டர் பரப்பில் அமைந்த சுங்கை பூலோ இயற்கைப் பூங்கா 1993 டிசம்பர் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. 2002இல் அது விரிவாக்கப்பட்டுச் சட்டப்படியான இயற்கைக் காப்பகமானது.

பள்ளிகளுக்கு இது புதிய வகுப்பறை. சேற்றில் தத்தித் தாவும் மீனையும், மூச்சுவிட வேர்களை மேல்நோக்கி நீட்டும் சதுப்புநில மரங்களையும் மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். சேறு என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் கழுவ வேண்டியது. துடைப்பத்தின் பாடம் அதுதான். சேறு என்றால் உணவு, உறைவிடம், நண்டின் வீடு என்று சுங்கை பூலோ சொன்னது. ஒரே பிள்ளை இரண்டு பாடங்களையும் கற்க வேண்டியிருந்தது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் குழிப்பந்துத் திடல் அமைக்கும் திட்டம் 1992இல் எழுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 1994இல் செனோக்கோவின் பறவை வாழ்விடத்துக்காக அதைவிட அதிகமானோர் கையெழுத்திட்டும் பலனில்லை. வீடமைப்புக்காக அந்த இடத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அரசாங்கம் முன்வைத்த வாதம் வெறும் சாக்கு அல்ல. 1960களில் சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 580 சதுர கிலோமீட்டர்தான். கடலைத் தூர்த்து, இன்று 730 சதுர கிலோமீட்டருக்கும் மேல் நீட்டியிருக்கிறோம். வீடு வேண்டும், தொழிற்சாலை வேண்டும், ராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் நிலம் ஒன்றுதான்.

2001: கடல் வற்றிய நாள்கள்

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. சுமார் 100 ஹெக்டர். கரையோரக் காடு, சதுப்புநிலக் காடு, மணல் திட்டு, கடற்புல் வெளி, பவளத் துண்டுகள் குவிந்த பகுதி, பாறைக் கரை என ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பது அதன் சிறப்பு. கடல் நன்றாக வற்றும் நாள்களில் மட்டுமே அதன் செல்வம் வெளியே தெரியும்.

அந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்க 1990களின் தொடக்கத்திலேயே திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அப்போது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. காரணம் எளிது. அங்கே என்ன இருக்கிறது என்று அநேகமாக யாருக்கும் தெரியாது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் இயற்கை ஆர்வலர்களின் பார்வையில் அது பட்டபோது, தூர்க்கும் வேலை தொடங்க ஓராண்டுதான் மிச்சம் இருந்தது.

பிறகு நடந்ததைச் சிங்கப்பூரின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் வகுப்பு என்றே சொல்லலாம். செய்தி பரவப் பரவ, 2001இல் வற்றுநாள்களில் குடும்பங்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் சாங்கி முனையில் படகேறினார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புறப்படும் அந்தச் சிறு படகுகளுக்கு அப்போது ஓய்வே இல்லை. முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் நடந்தார்கள். கைத்தலம் அளவுக்கு நட்சத்திர மீன், விரித்த பாய்போலக் கடல் சாமந்தி, கடல் வெள்ளரி, நாணயம்போல் தட்டையாக மணலில் புதைந்திருக்கும் உயிரினம், வாளைப்போல வாலை நீட்டிக்கொண்டிருக்கும் குதிரைலாட நண்டு. பாடநூலின் படங்கள் உயிரோடு காலடியில் கிடந்தன. பலருக்கு அதுவே முதல் பார்வை. சில மாதங்களில் மண்ணுக்கடியில் போகப்போகிறது என்பதால் அதுவே கடைசிப் பார்வை என்றும் நினைத்தார்கள்.

இன்னொரு பக்கம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டூழியர்களும் அளவுநாடாவும் குறிப்பேடுமாக அங்கே இறங்கினார்கள். என்ன அழியப்போகிறது என்பதையாவது பதிவு செய்துவைப்போம் என்ற வேகம். அந்தப் பணியை வழிநடத்தியவர்களில் ஒருவர் ந. சிவசோதி. பல்கலைக்கழக விரிவுரையாளரான அவருடைய பெயர், கடலோரத்தோடு தொடர்புடைய இளையர் முயற்சிகள் பலவற்றில் இன்றுவரை ஒலிக்கிறது. அந்தப் பதிவுகள் உணர்ச்சிக்கு ஆதாரம் சேர்த்தன. 'அழகாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்' என்பது வேண்டுகோள். 'இன்னின்ன உயிரினங்கள் இங்கே இருக்கின்றன, இதோ பட்டியல்' என்பது வாதம்.

2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பௌ டானின் அமைச்சு முடிவை அறிவித்தது. தூர்க்கும் திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரை செக் ஜாவா அப்படியே விட்டுவைக்கப்படும்.

திட்டமிட்ட பணியை அரசாங்கம் தொடங்கும் தறுவாயில் நிறுத்துவது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி அல்ல. இதில் பள்ளிகளுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். மாணவர்கள் ஊர்வலம் போகவில்லை, முழக்கமிடவில்லை. போய்ப் பார்த்தார்கள். பார்த்ததை வீட்டில் வந்து சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் மரம் நட்ட பிள்ளைகளுக்கு, நடாமலேயே வளர்ந்த ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

2007 ஜூலையில் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நடைபாலமும் பார்வைக் கோபுரமும் திறக்கப்பட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கொட்டிய கனமழையால் ஜொகூர் பக்கத்து ஆற்று வெள்ளம் கடலில் கலந்தது. உப்புத்தன்மை குறைந்து, செக் ஜாவாவின் கடலுயிர்கள் திரளாக மடிந்தன. காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்த இடம் வேறொரு வழியில் அடிபட்டது. எல்லைக்கோடு மழைக்கும் ஆற்றுக்கும் தெரியாது. அங்கே மறுபடி உயிர் தழைப்பதற்குப் பொறுமையாகக் காத்திருந்து பார்த்தவர்கள், ஒரு தேர்வில் எழுத முடியாத பாடத்தைக் கற்றிருப்பார்கள்.

எண்ணும் கைகள்

கையும் கண்ணும் ஒன்றுசேரும் இடமும் உண்டு. அனைத்துலகக் கடலோரத் துப்புரவு நாள் சிங்கப்பூரில் 1992 முதல் நடந்துவருகிறது. பங்கெடுப்பவர்களில் பெருந்தொகையினர் மாணவர்கள். இதில் குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். சிகரெட் துண்டு எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, பிளாஸ்டிக் பை எத்தனை, நுரைப்பெட்டித் துண்டு எத்தனை என்று அட்டையில் குறிக்க வேண்டும். அந்தக் கணக்கு உலகம் முழுவதும் திரட்டப்படும் தரவுகளோடு சேர்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் போன்ற கடற்கரைகளில் துப்புரவாளர்கள் நாள்தோறும் பெருக்கிவிடுவதால், குப்பையின் உண்மையான அளவு அங்கே வருபவர்களுக்குத் தெரிவதே இல்லை. யாரும் பெருக்காத கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துச் சதுப்புநிலங்களுக்கு மாணவர்களை அழைத்துப் போனால்தான் தெரிகிறது. வேர்களில் சிக்கிய பிளாஸ்டிக்கைப் பிடுங்கப் பிடுங்க, அடுத்த அலையில் மறுபடி வந்து சேர்கிறது. இந்த எண்ணிக்கை அட்டையைக் கையில் வாங்கிய மாணவன், 'யார் போட்டது' என்ற கேள்வியோடு நிற்க மாட்டான். 'ஏன் இவ்வளவு தயாரிக்கிறார்கள்' என்றும் கேட்பான். முதல் கேள்விக்கு அபராதம் போதும். இரண்டாவது கேள்விக்குப் போதாது.

செமாக்காவ் தீவுக்குப் போகும் மாணவர்களும் அப்படித்தான் திரும்புகிறார்கள். 1999இல் செயல்படத் தொடங்கிய அந்தக் கடல்நடுக் குப்பை நிரப்புமிடத்துக்கு, நம் வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டுச் சாம்பலாகப் போகிறது. எரிப்பதால் குப்பையின் கன அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்படியிருந்தும், 2035ஆம் ஆண்டுவாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போட்ட பை எங்கே போனது என்பதற்கு அங்கே நேரடி விடை கிடைக்கிறது.

இலக்குகளின் காலம்

சுத்தமும் பசுமையும் வாரம் 1990இல் வந்தது. சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பள்ளிகளுக்கான பசுமை விருது 2000இல் வந்தது. நியூவாட்டர் வருகையாளர் நிலையம் 2003இல் திறக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளை வரவேற்றுவிட்டு 2024இல் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030 அறிவிக்கப்பட்டபோது பள்ளிகளுக்கும் இலக்கு வைத்தார்கள். 2030க்குள் பள்ளிகளின் நிகர கரிம வெளியேற்றத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும். குறைந்தது 20 விழுக்காட்டுப் பள்ளிகள் கரிமச் சமநிலையை எட்ட வேண்டும். பாடத்திட்டம், வளாகம், பள்ளிப் பண்பாடு, சமூகம் ஆகிய நான்கிலும் இதைப் புகுத்தும் திட்டத்தையும் கல்வி அமைச்சு கொண்டுவந்தது.

நல்ல இலக்குகள்தாம். கூரையில் சூரியசக்தித் தகடு பொருத்தினால் மின்கட்டணம் குறையும், வெளியேற்றமும் குறையும். ஆனால் 1971இன் மரக் கணக்கையும் 2030இன் கரிமக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இரண்டும் எண்ணிக்கை, இரண்டும் மேலிருந்து வந்தவை. கூரையில் இருக்கும் தகடு எவ்வளவு மின்சாரம் தருகிறது, அதே பள்ளியின் குளிரூட்டி எவ்வளவு விழுங்குகிறது என்று மாணவர்களையே கணக்கெடுக்க விட்டால் அது கல்வி. பெயர்ப்பலகை வைத்துவிட்டு விருதுக்கு விண்ணப்பித்தால் அது விளம்பரம். எந்தப் பள்ளி எதைச் செய்கிறது என்பதை அந்தந்தப் பள்ளியின் பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் கேட்கவும் தொடங்கிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் ஹொங் லிம் பூங்காவில் இளையர்கள் ஏற்பாடு செய்த பருவநிலைப் பேரணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2021இல் டோவர் காட்டைப் பற்றிய விவாதத்திலும் இளையர் குரல் பலமாகக் கேட்டது. சுமார் 33 ஹெக்டர் காட்டின் கிழக்குப் பாதியில் வீடுகள் கட்டுவது என்றும், மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்றும் முடிவானது. வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதியரும் நம் பிள்ளைகள்தாம். காட்டுக்காக எழுதியவர்களும் நம் பிள்ளைகள்தாம். சில வீடுகளில் இரண்டு பேரும் ஒருவரே.

செக் ஜாவாவுக்குப் பள்ளிக் குழுக்கள் இன்றும் போகின்றன. நடைபாலத்தில் நின்றபடியே பார்க்கலாம்; கால் நனைய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகங்கள் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு வட்டாரம், சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கு. செக் ஜாவா அந்தப் பட்டியலில் இல்லை. 'தேவைப்படாத வரை' என்ற 2002ஆம் ஆண்டு வாக்குறுதியின் பேரில்தான் அது நிற்கிறது. அந்த ஆண்டு பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே சேற்றில் நடந்த பத்து வயதுப் பிள்ளைகள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் இப்போது ஆசிரியர்களாக, தங்கள் வகுப்பை அழைத்துக்கொண்டு சாங்கி முனையில் படகுக்குக் காத்திருக்கவும்கூடும்.